ஆலோசனை வெளியிலிருந்து, பொறுப்பு உள்ளே



இலக்கியமும் வரலாறும் பேசிப் பழகிய இந்த மேடையில் இந்த ஆண்டு தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பிழைப்பாகச் செய்துவரும் வேலையைப் பற்றியே பேசுகிறேன். நடுத்தர நிறுவனங்கள் முழுநேரத் தொழில்நுட்பத் தலைவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அந்த நாற்காலியில் மாதத்தில் சில நாள் வந்து உட்காருகிறவன் நான். எந்த மென்பொருளை வாங்குவது, எதை இன்னும் ஓராண்டு தள்ளிப்போடுவது, எந்த வேலையை வெளியே கொடுப்பது, எதை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகத்தோடு சேர்ந்து முடிவெடுப்பதே என் வேலை. தொழில் வட்டாரத்தில் வெர்ச்சுவல் சி.ஐ.ஓ. என்பார்கள், ஃப்ராக்ஷனல் சி.டி.ஓ. என்பார்கள். கடைக்காரர்கள் ‘கம்ப்யூட்டர் சார்’ என்கிறார்கள்.

இந்தத் திருவனந்தபுரத்தில் இந்த வேலைக்கு ஒரு விசித்திரமான நிலைமை இருக்கிறது. காரியவட்டத்துக்கும் கழக்கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் டெக்னோபார்க் 1990இல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுதான். கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை உருவாக்கிய கே.பி.பி. நம்பியார் கண்ட கனவு அது. ஜி. விஜயராகவன் அதன் முதல் தலைமை அதிகாரி. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே 1997இல் வி.கே. மேத்யூஸ் 55 பொறியாளர்களோடு தொடங்கிய ஐ.பி.எஸ். நிறுவனத்தின் மென்பொருளில் இன்று உலகின் பல விமான நிறுவனங்களின் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. 1999இல் பிறந்த யு.எஸ்.டி. அமெரிக்காவின் பெருநிறுவனங்களுக்கு வேலை செய்கிறது. 2018இல் நிசான் தன் டிஜிட்டல் மையத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி அமைப்பு அடுத்த ஐந்தாண்டில் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிற மூளைகள் காலையில் ஸ்ரீகார்யம் நெரிசலில் நின்றுவிட்டுத்தான் அலுவலகம் போகின்றன.

அதே ஊரில் சாலைக் கம்போளத்தில் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்கிற மொத்த வியாபாரிக்கு, ‘இந்த சாஃப்ட்வேரை வாங்கலாமா?’ என்று கேட்க, விற்கிறவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. கணக்குக்கு ஆடிட்டர் இருக்கிறார், வழக்குக்கு வக்கீல் இருக்கிறார். இரண்டு பேரும் முழுநேர ஊழியர்கள் இல்லை, ஆனால் கட்சிக்காரர் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர்கள். தொழில்நுட்பத்துக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. இந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

வெளியிலிருந்து அறிவைக் கூலிக்கு அழைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. குளச்சல் போரில் 1741இல் தோற்ற டச்சுப் படையின் டி லனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்து திருவிதாங்கூர் படையையே மாற்றி அமைத்த கதை உங்களுக்குத் தெரியும். நான் இன்னொரு கதையைச் சொல்கிறேன். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கே ஒரு வானியல் ஆய்வகத்தை நிறுவினார். ஊர்க்காரர்கள் நட்சத்திர பங்களா என்பார்கள். அதை நடத்த அவர் அழைத்தது ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் என்ற ஆங்கிலேயரை. கால்டெகாட் இங்கிலாந்துக்கே போய்க் கருவிகளோடு திரும்பினார், 1849இல் இறக்கும்வரை ஆய்வகத்தை நடத்தினார். 1852இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன் பொறுப்பேற்றார். பூமியின் காந்தப்புலத்தை அளப்பதில் அன்றைய உலகில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர். இங்கே மட்டும் அளந்தால் போதாது, உயரத்திலும் அளக்க வேண்டும் என்று அகத்தியமலை மேல் ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு கிளை ஆய்வகமே கட்டினார். யானைக்காட்டின் வழியே நுண்கருவிகளைச் சுமந்து ஏற்றிய வேலை அது. உலகத் தரமான வேலை.

1865இல் பிரவுன் ஊர் திரும்பினார். ஆய்வகம் சுருங்கியது. அவருடைய காந்த அளவீடுகளின் தொகுதி 1874இல் அச்சானது, லண்டனில். நான் பிரவுனைக் குறை சொல்லவில்லை. அந்த மனிதர் தன் அளவீடுகளுக்காக வாழ்நாளையே செலவிட்டவர். ஆனால் அவர் போனபின் அதே தரத்தில் வேலையைத் தொடர இங்கே ஏற்பாடு இல்லை. வெளியாளின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு பெரிதோ, அவர் போனால் விழும் பள்ளமும் அவ்வளவு பெரிதாக இருக்கும். என் தொழிலுக்கு நான் எடுத்துக்கொண்ட முதல் எச்சரிக்கை அதுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். பெரிய நிறுவனம் ஒன்று தன் கணினி வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம் என்பதை உலகம் கௌரவமான முடிவாக ஏற்கத் தொடங்கியது 1989இல். அந்த ஆண்டு ஈஸ்ட்மன் கோடாக் தன் கணினி மையங்களை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. அதுவரை, கையில் காசில்லாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்ற எண்ணம் இருந்தது. நம் நாட்டில் 2004இல் பார்தி ஏர்டெல் செய்தது அதைவிடத் துணிச்சலானது. தகவல் தொழில்நுட்பத்தைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஐ.பி.எம்.மிடமும், செல்பேசி வலைப்பின்னலை எரிக்சன், நோக்கியா முதலான நிறுவனங்களிடமும் கொடுத்தது. எரிக்சனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எரிக்சனே தொழிலை எடுத்துக்கொள்ளாதா என்று பலர் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் எந்த ஊரில் எப்போது சேவை தொடங்குவது, என்ன விலை வைப்பது, வாடிக்கையாளருக்கு என்ன வாக்குறுதி கொடுப்பது என்ற முடிவுகளை ஏர்டெல் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பணம் கொடுக்கும் முறையையும் யோசித்து அமைத்தது. கருவி எவ்வளவு விற்றாய் என்று பார்க்காமல், அது எவ்வளவு பயன்பட்டது, வருமானம் எவ்வளவு வந்தது என்பதோடு கட்டணத்தை இணைத்தது.

எதிர்ப்பக்கம் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், பழைய லாயிட்ஸ் வங்கிக் கணினி அமைப்பிலிருந்து தன் அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பெயினின் சபாதெல் வங்கி உருவாக்கிய அமைப்புக்கு எல்லாக் கணக்குகளையும் மாற்றியது. மாற்றிக் கொடுத்தது சபாதெல் குழுமத்தின் சொந்தத் தொழில்நுட்ப நிறுவனமான சாபிஸ். மாற்றம் முடிந்து சேவை திறந்தபோது சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. என் தொழிலில் இருப்பவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி அதற்குப் பின்னால் வந்தது. 2023 ஏப்ரலில் வங்கியின் அன்றைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். குற்றம் என்ன? வெளியே கொடுத்த வேலையை ஒழுங்காக மேற்பார்வை செய்யவில்லை. ‘நாங்கள் தயார்’ என்று வேலை எடுத்தவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தயார்நிலை உண்மைதானா என்று அதிகாரி போதிய அளவு சோதிக்கவில்லை.

வேலை எடுத்தவர் ‘ரெடி சார்’ என்று சொன்னதும் தலையாட்டுகிற பழக்கம் பிரிட்டனுக்கு மட்டும் உரியதா? நம் ஊரில் தினமும் நடப்பது.

நடுத்தர மருத்துவமனை ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை அங்கே மின்னஞ்சல் நின்றுபோனது. ஆய்வகத்துக்கு வர வேண்டிய வெளி ரிப்போர்ட்டுகள் வரவில்லை. காப்பீட்டு அனுமதிக்காகக் காத்திருந்த நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆக முடியாமல் பணம் கட்டும் கவுன்டர் முன்னால் நின்றார்கள். சர்வர் கெட்டுவிட்டது என்று ஒருவர், இணைய இணைப்பு என்று ஒருவர். என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்தால் எதுவும் கெடவில்லை. மருத்துவமனையின் டொமைன் பெயர் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல்கள் முறையாக வந்திருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இணையதளம் செய்து கொடுத்த இளைஞரின் சொந்த மின்னஞ்சலுக்கு. அவர் தொழிலை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். பதிவே அவர் பெயரில்தான். பதிவின்படி அந்த மருத்துவமனையின் பெயர்ப்பலகை அவருடைய சொத்து.

அவரைத் தேடிப் பிடித்தோம், நல்ல மனிதர், உடனே கடவுச்சொல்லைக் கொடுத்தார். காலாவதியான டொமைனை மீட்கச் சில வார அவகாசம் உண்டு என்பதால் பெயர் தப்பியது. அன்று மாலை நிர்வாக அறையில் உட்கார்ந்து நான் செய்த வேலையில் எந்த நவீனத் தொழில்நுட்பமும் இல்லை. கடையில் வாங்கிய நீளமான பேரேட்டில் கோடு போட்டோம். டொமைன் யார் பெயரில்? நோயாளிப் பதிவு மென்பொருளின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம்? ஆய்வகக் கருவியையும் கணினியையும் இணைக்கும் நிரலை எழுதியது யார்? பேக்கப் எங்கே போகிறது, கடைசியாக அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தது எப்போது? பக்கம் நிறைய நிறைய, அறையில் பேச்சு குறைந்தது. பேக்கப் ஒவ்வோர் இரவும் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதே சர்வரின் இன்னொரு டிஸ்கில். சர்வர் எரிந்தால் இரண்டும் சேர்ந்து எரியும்.

வெளியிலிருந்து வரும் தலைமை முதலில் செய்ய வேண்டியது இந்தப் பேரேட்டைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிளவுடும் செயற்கை நுண்ணறிவும் பிறகு வரட்டும். தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சாவியும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவன ஊழியர்கள் இருவர் அறியும்படி. ஆலோசகர் கையில் தனிச்சாவி எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்கே நான் பேருந்தில் அடிபட்டால் என் கட்சிக்காரரின் தொழில் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. அப்படி நிற்கும் என்றால் நான் தலைமை தரவில்லை, என்னைச் சார்ந்திருக்கப் பழக்கியிருக்கிறேன்.

அரசும் இதில் அடிபட்டுக் கற்றிருக்கிறது. 2020 மார்ச் இறுதியில், கொரோனா பரவத் தொடங்கிய நேரம், தொற்றுச் சந்தேகம் உள்ளவர்களின் தகவல்களைத் தொகுக்க மாநில அரசு அமெரிக்காவின் ஸ்ப்ரிங்க்ளர் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த மென்பொருளைப் பயன்படுத்தியது. அப்போதைய அவசரம் உண்மை. லட்சக்கணக்கானோர் வெளிநாட்டிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் திரும்புவார்கள் என்ற அச்சமும் உண்மை. ஆனால் ஒப்பந்தம் சட்டத் துறையின் பார்வைக்குப் போகவில்லை. தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது: ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே தரவைக் கொடுக்க வேண்டும், மக்களிடம் சம்மதம் வாங்க வேண்டும், நிறுவனம் அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பிறகு தரவு மாநில அரசின் சி-டிட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கட்சி அரசியலை விட்டுவிட்டு ஒரு தொழில்நுட்ப ஆலோசகனாகப் பார்க்கிறேன். மென்பொருள் நல்லதா கெட்டதா என்பது இங்கே பிரச்சினையே ஆகவில்லை. அவசரத்திலும் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கும் ஆள் மேசையின் நம் பக்கம் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இலவசமாகக் கிடைப்பது என்றால் இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

இன்று தனியாருக்கும் இதே நெருக்கடி வந்துவிட்டது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளும் வேலையை வேறு நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் தரவை வாங்கியவரே. மருத்துவமனை, நகைக்கடை, டியூஷன் சென்டர், யாராயிருந்தாலும் சரி. பாதுகாப்புக் குறைபாட்டுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில் வந்த, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு, கணினித் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும், பதிவுகளை 180 நாள் சேமிக்க வேண்டும் என்கிறது. நள்ளிரவில் தாக்குதல் தெரிந்தால் விடியுமுன் யார் யாருக்குச் சொல்வது? இதை முன்கூட்டி எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் நான் பார்த்தவரை மிகக் குறைவு.

எல்லாவற்றையும் வெளியே கொடுக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. கேரள மின்வாரியம் தன் பொறியாளர்களையே கொண்டு ‘ஒருமா’ என்ற பில் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள்களின் மேல் எழுதி, மாநிலம் முழுவதும் உள்ள பிரிவு அலுவலகங்களில் ஓட வைத்தது. மீட்டர் கணக்கு, நிலுவை, அபராதம், இவற்றின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்தவர்களே எழுதியது அதன் பலம். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளி ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கி, பள்ளிக் கணினிகளைக் குனூ/லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். உள்ளே இருப்பவர்களை நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மின்வாரியத்தில் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பருப்பு மண்டியில் இல்லை. அங்கே வெளியாள் தேவை. எப்படிப்பட்ட வெளியாள் என்பதுதான் பேச்சு.

இங்கே என் தொழிலின் பெரிய நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆலோசனை இலவசம் என்று வருகிறவர்களில் பலர் விற்கும் நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறார்கள். பத்துப் பேர் உட்காரும் அலுவலகத்துக்கு ஐம்பது பேருக்கான உரிமம், இருக்கும் சர்வர் நன்றாக ஓடும்போதே புது சர்வர், இப்படி வியாபாரியின் பணம் கரைகிறது. நிரந்தரத் தீர்வு ஒன்றுதான். ஆலோசகர் தன் கட்டணத்தை வியாபாரியிடம் மட்டுமே வாங்க வேண்டும், வேறு யாரிடமும் ஒரு பைசாகூட வாங்கவில்லை என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதித் தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். இதில் மென்மைக்கு இடமில்லை.

ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம், சாலைக் கம்போளத்தில் ஒரு மளிகை மொத்தக்கடை. உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கே கடை. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. மின்-விலைப்பட்டியல் கட்டாயமானபோது அவசரமாக ஒரு மென்பொருள் வாங்கினார். பிறகு வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தபோது, இத்தனை ஆண்டு விற்பனைக் கணக்கை எடுத்துத் தர விற்றவர் தனிக்கட்டணம் கேட்டார்.

“தம்பி, பில் போடுற மெஷின் ஓடுனா போதும்னு நெனச்சேன். என் கணக்கு என் கைக்கு வர நான் எதுக்குத் துட்டு குடுக்கணும்?” என்று கேட்டார்.

“வாங்கும்போதே எழுதி வாங்கியிருக்கணும் அண்ணாச்சி.”

“எழுதணும்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. விற்பனை, கையிருப்பு, கடன் பாக்கி எல்லாவற்றையும் எக்செல் கோப்பாகவோ வேறு பொது வடிவிலோ கட்டணமின்றி எப்போது கேட்டாலும் தர வேண்டும் என்ற ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். விற்றவர் கடையை மூடினால் மூல நிரல் யாருக்கு, பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு வரை ஏறலாம், பிரியும்போது எத்தனை மாதம் உதவ வேண்டும் என்று இன்னும் சில வரிகள். இவற்றை எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், டெக்னோபார்க் கட்டடங்களில், வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு யோசனை வைக்கிறேன். சாலையில் உள்ள வியாபாரிகள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே ஆலோசகரை மாத ஊதியத்தில் வைத்துக்கொள்ளலாம். தனியாக வைத்தால் கட்டாத செலவு, பங்கிட்டால் கட்டும். ஓய்வுபெற்ற, அல்லது ஓய்வை நெருங்கும் மூத்த பொறியாளர்கள் இந்த ஊரில் ஏராளம். விண்வெளி மையத்திலும் சி-டாக்கிலும் கெல்ட்ரானிலும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்கள். ஒருவருக்கொருவர் போட்டி வியாபாரிகள் என்பதால் ஒரு கடையின் விலையையும் கொள்முதலையும் இன்னொரு கடையில் பேசக் கூடாது என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் முதல் வரியாக இருக்கட்டும். ஒவ்வொரு கடையிலும் ஒரு பிள்ளையை, கடைக்காரரின் மகளோ மகனோ கணக்கு எழுதும் பெண்ணோ, ஆலோசகரோடு உட்கார வைத்துப் பழக்க வேண்டும் என்பது இரண்டாம் வரி. மூன்று ஆண்டில் அந்தப் பிள்ளை பேரேட்டைத் தானே நடத்தத் தொடங்கினால் ஆலோசகரின் நாட்கள் குறையும், கட்டணமும் குறையும். குறைய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

வியாபாரிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். நீங்கள் கூடி முடிவெடுத்தால், முதல் மாதப் பேரேடு எழுதும் வேலையை, ஒவ்வொரு கடையாக, கட்டணமில்லாமல் நானே வந்து செய்து தருகிறேன். பேரேடு உங்களிடமே இருக்கும். அதன் பிறகு யாரை அமர்த்துவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.